வளருற காலுக்கு ஒரு ஸ்கீ சப்பாத்து

டென்மார்க்கில, ஹொல்ஸ்டெப்ரோ எண்ட ஊரில, இறைச்சித் தொழிற்சாலையில வேலை செய்யிற குணசேகரத்தார், பெத்த பிள்ளைக்கு அளவான சாமான் ஒண்டு வாங்கிக் குடுத்தார் எண்டு ஆரும் சத்தியம் பண்ண ஏலாது. மனுசன் கெட்டவரில்லை, கஞ்சனும் இல்லை. வாங்கிற சாமான் வருசக்கணக்கில உழைக்கவேணும், அவ்வளவுதான். மகள் நிரோஜா முதல் நாள் பள்ளிக்கூடம் போகேக்க, பின்னால நிண்டு பார்த்தவைக்கு ஒரு புத்தகப்பை தன்பாட்டில நடந்து போற மாதிரித்தான் தெரிஞ்சது. பிள்ளைக்கு ஐஞ்சு வயசில ஒரு சைக்கிள் வாங்கினார். அவளுக்குக் கால் எட்ட ஒன்பது வயசாச்சு. அதுவரைக்கும் அது வீட்டு நடை ஓடைக்குள்ள நிண்டு, வாற சனம் ஜக்கெட் கொளுவ உதவிச்சுது. ஆராவது வாய் திறந்தா, "வளருற பிள்ளையெல்லே" எண்டுவார். அதோட கதை முடிஞ்சுது.

இது ஒரு வியாதி. மற்ற வியாதி, எதையும் இண்டைக்குச் செய்யிற பழக்கம் அவரிட்ட இல்லை. லெகோலாந்து விளையாட்டுப் பூங்காவுக்குப் போவமோ எண்டு பிள்ளை கேட்டா, "சண்டை முடியட்டும்." நீச்சல் வகுப்புக்கு விடுறியளோ? "சண்டை முடியட்டும்." புது சோபாவை மூடிக்கொண்டு வந்த பிளாஸ்திக் உறையைக் கழட்டுவமோ எண்டு மனிசி நிரஞ்சலா கேட்டதுக்கும் அதே மறுமொழிதான்.

"ஊரில நடக்கிற சண்டைக்கும் எங்கட சோபாவுக்கும் என்னப்பா சம்மந்தம்?" எண்டா அவ.

"அங்க சனம் பங்கருக்குள்ள கிடக்குது, உமக்கு மெத்தை கேக்குதோ?" எண்டார்.

கோடையில முதுகு ஒட்ட ஒட்ட, எழும்பேக்க 'சரக்' எண்டு சத்தம் கேக்க, அந்த உறைக்கு மேலதான் குடும்பம் இருந்து வந்தது.

இரண்டாயிரத்தொன்பது மே மாசம் சண்டை முடிஞ்சுது. அவர் நினைச்ச மாதிரி முடியேல்லை. கடைசி ரெண்டு வருசமும் மனுசன் ஒரு கையில ரெலிபோனும் மற்றக் கையில ரிவி றிமோட்டுமாத்தான் இருந்தவர். வன்னியில இருந்த அக்கா குடும்பம் எங்க எண்டு தெரியாமல் பைத்தியம் பிடிச்ச ஆள் மாதிரித் திரிஞ்சார். பிறகு ஒரு நாள் அகதி முகாமில இருந்து அக்கா கதைச்சா. உயிரோட இருக்கினம் எண்டு கேட்ட உடன குசினி நிலத்தில இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அதுக்குப் பிறகு றிமோட் மேசையிலயே கிடந்தது. அவர் சோபாவில இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருசம் நத்தாருக்கு முன்னமே பனி கொட்டத் தொடங்கி, கொட்டி, ஓய்ஞ்ச பாட்டைக் காணேல்லை. அப்பத்தான் நிரோஜா வந்து முன்னால நிண்டாள். ஒன்பதாம் வகுப்பு. மாசி விடுமுறைக்கு முன்னம் வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் பனிமலையில சறுக்கி ஸ்கீ ஓட நோர்வேக்குப் போகினம், தானும் போகலாமோ? பிள்ளை டெனிஷில கேக்கும், தகப்பன் தமிழில மறுமொழி சொல்லும். அது அந்த வீட்டு வழக்கம். சரி எண்டு வரும் எண்ட நம்பிக்கை அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. ஜக்கெட்டைக்கூடக் கழட்டாமல் நிண்டுதான் கேட்டவள்.

குணசேகரத்தார் வாயைத் திறந்தார். "சண்டை..." எண்டு வந்தது. மிச்சம் வரேல்லை. எப்பிடி வரும்? வாயை மூடினார். பிறகு, "போ பிள்ளை" எண்டார்.

நிரோஜா நம்பேல்லை. திரும்பவும் கேட்டாள். "போ எண்டெல்லே சொல்லுறன்!" எண்டு கத்தினார். அவள் பாய்ஞ்சு வந்து அவற்ற கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பிடிக் கட்டி எவ்வளவு காலம் எண்டு அவருக்கே ஞாபகமில்லை. அந்தச் சந்தோசம் தலைக்கேறினதாலதான் வந்தது எல்லா வில்லங்கமும்.

ஸ்கீ, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், பள்ளிக்கூடமே ஒழுங்கு செய்யுது எண்டு பிள்ளை தெளிவாச் சொன்னவள்.

"வாடகைச் சப்பாத்தோ?" எண்டு துள்ளினார் குணசேகரத்தார். "கண்டவன் நிண்டவன் கால் விட்டதுக்குள்ள என்ர பிள்ளை கால் விடுறதோ?"

சொல்லிப்போட்டு, அடுத்த சனிக்கிழமையே பழைய சாமான் சந்தைக்கு வெளிக்கிட்டார்.

துணைக்கு இன்னாசித்தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். மன்னார் ஆள், ஒரே தொழிற்சாலை, குளிர் அறையில வேலை. அதால பனி சம்மந்தமான எந்த விசயத்திலயும் தனக்குப் பூரண ஞானம் இருக்குது எண்டு நம்புற மனுசன். "குணம், நீ பேசாமல் இரு, குளிருச் சாமானை எனக்குப் பார்க்கத் தெரியும்" எண்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சந்தையில ஒரு வயசுபோன டெனிஷ்காரர் தன்ர இளமைக்கால ஸ்கீச் சாமான் முழுவதையும் பரப்பி வைச்சிருந்தார். ஸ்கீ ரெண்டும் கதவு உயரத்துக்கு மேல. சப்பாத்து செம்மஞ்சள் நிறம், ஒவ்வொண்டும் அரிசிப்பானை அளவு, நாப்பத்தொண்டாம் இலக்கம். இன்னாசித்தம்பி குனிஞ்சு சப்பாத்தை விரலால தட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்கிற மாதிரிக் காதுக்குக் கிட்டவும் வைச்சுப் பார்த்தார். "முதல்தரம்" எண்டார்.

"ஆருக்கு வாங்கிறியள்?" எண்டு கேட்டார் கிழவர்.

"மகளுக்கு." குணசேகரத்தார் தன்ர தோளடியில கையை வைச்சு உயரம் காட்டினார்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார், ஸ்கீயைப் பார்த்தார். நல்ல மனுசன், மனச்சாட்சி உள்ளவர். "இது அவவுக்கு நீளம் எல்லோ? சப்பாத்தும் பெரிசு" எண்டார்.

"வளருவா" எண்டார் குணசேகரத்தார்.

கிழவர் திரும்பவும் ஸ்கீயின்ர நுனி வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு தூரமோ எண்டு கேக்க நினைச்சிருப்பார் போல. கேக்கேல்லை. குணசேகரத்தார் தலைக்கவசம், முகத்தை முக்காவாசி மூடுற கண்ணாடி, ரெண்டு தடி எல்லாத்தையும் சேர்த்து அள்ளினார்.

ஸ்கீ காருக்குள்ள அடங்கேல்லை. பின்கதவுக் கண்ணாடியால நுழைச்சு முன்கதவுக் கண்ணாடியால வெளிய விட்டினம். கடுங்குளிருக்குள்ள ரெண்டு கண்ணாடியும் திறந்தபடி, மூக்கால தண்ணி ஓட ஓட வீட்டை வந்து சேர்ந்தினம். குளிர் அறைக்காரருக்குத்தான் முதலில பல் கிடுகிடுத்தது.

வீட்டில புதுச் சாமான் வந்தா நிரஞ்சலா சும்மா விடமாட்டா. ஸ்கீ ரெண்டையும் வாசலில கிடத்தி, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைச்சா. கார் வாங்கேக்க ரயருக்குக் கீழ தேசிக்காய் வைக்கிற மாதிரி, ஸ்கீக்குக் கீழயும் தேசிக்காய் வைச்சு, "ஏறி மிதியுங்கோ" எண்டா. குணசேகரத்தார் மிதிச்சார். தேசிக்காய் வழுக்கி, பக்கத்து வீட்டு டெனிஷ்காரியின்ர வாசலில போய் நிண்டது. மற்றதை நிரஞ்சலா அந்த ஸ்கீச் சப்பாத்தாலேயே நசிச்சா.

"வாடகைச் சப்பாத்து கூடாதெண்டியள்" எண்டா அப்பத்தான். "இதென்ன, கடவுள் போட்டுக் கழட்டினதோ?"

"அது வேற, இது சொந்தம்" எண்டார்.

நிரோஜா பள்ளித்தோழி வீட்டால வந்தாள். வாசலில குங்குமத்தோட கிடக்கிற ஸ்கீயைக் கண்டாள். அவளின்ர முகம் போன போக்கைப் பார்த்து நிரஞ்சலா உள்ளுக்குப் போயிட்டா. தகப்பன் விட்டாரோ? பிள்ளையைச் சோபாவில இருத்தி, காலில ரெண்டு சோடி மேஸ், அதுக்கு மேல தன்ர கம்பளி மேஸ், அதுக்கு மேல இன்னும் ஒண்டு போட்டு, சப்பாத்துக்குள்ள காலை விட்டார். எழும்பி நட எண்டார். அவள் ஒரு எட்டு வைச்சாள். கால் வந்தது, சப்பாத்து வரேல்லை.

"கொஞ்சம் பஞ்சு வைச்சா..." எண்டார் குணசேகரத்தார்.

"நை!" எண்டு கத்தினாள் நிரோஜா. மிச்சத்தையும் டெனிஷிலயே கொட்டினாள். இதைக் கொண்டுபோய் வகுப்புக்கு முன்னால நிக்கமாட்டன், எல்லாரும் சிரிப்பினம், இதோடதான் போகவேணும் எண்டா நான் போகேல்லை.

"அப்ப போகவேண்டாம்!" எண்டார் அவர்.

அவள் அறைக்குள்ள போய்க் கதவை அடிச்சுச் சாத்தினாள். அண்டைக்கும் அடுத்த நாள் காலமையும் அவள் ஒரு சொல் கதைக்கேல்லை, அவரும் கதைக்கேல்லை. பயணத்துக்கு வாறன், வரேல்லை எண்டு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவேணும். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் இறங்கி வாற மாதிரித் தெரியேல்லை.

நிரஞ்சலாவுக்குப் பொறுமை போச்சுது. சோத்துக் கோப்பையை மேசையில 'டொக்' எண்டு வைச்சா.

"உங்களுக்குக் கண் இருக்குதோ? வளருவாள், வளருவாள் எண்டு ஆரைச் சொல்லுறியள்? அவள் வளர்ந்து முடிஞ்சு ஒரு வருசமாச்சு. கால் முப்பத்தேழிலேயே நிக்குது. இனி ஒரு விரல்கூட வளராது. என்ர செருப்பைத்தான் இப்ப அவள் போட்டுக்கொண்டு திரியிறாள், கண்டனீங்களோ?"

குணசேகரத்தார் சோத்தில கை வைச்சபடி இருந்தார். காணேல்லை. உண்மையாவே காணேல்லை. சண்டையின்ர அந்தக் கடைசி ரெண்டு வருசமும் அவற்ற கண் எங்க இருந்தது எண்டு அவருக்குத்தான் தெரியும். அதைப் பிழை எண்டும் அவரால சொல்ல ஏலாது. ஆனா ரிவிக்கும் அவருக்கும் நடுவால ஒரு சின்னப்பிள்ளை எத்தினை தரம் நடந்து போயிருக்கும், எப்பவோ ஒரு நாள் அதில பெரிய பிள்ளை ஒண்டு நடந்து போயிருக்குது. சாப்பிடேல்லை.

எழும்பிப் போனார், சாமானையெல்லாம் கண்காணாத இடத்தில வைக்க. வெளிக் கொட்டிலுக்குள்ள சப்பாத்தைத் தூக்கி வைக்கப் போனவர், என்ன நினைச்சாரோ, தன்ர காலை உள்ள விட்டுப் பார்த்தார். அப்பிடியே போய் இருந்தது. மற்றக் காலையும் விட்டார். அதுவும் இருந்தது. கொளுக்கியை அமத்தினார். 'டக்.' இறுக்கமுமில்லை, தொளதொளப்புமில்லை. இந்த நாட்டில அவர் வாங்கின சாமானில அச்சொட்டா அளவா இருந்தது அது ஒண்டுதான்.

கழட்டப் பார்த்தார். கழரேல்லை. பழைய கொளுக்கி, துருப் பிடிச்சு இறுகிப்போச்சுது. இழுத்தார், குத்தினார், சுத்தியலால தட்டினார், முருகனைக் கூப்பிட்டார். கடைசியில வேற வழியில்லாமல் 'டொக், டொக்' எண்டு விறைச்ச காலோட வீட்டுக்குள்ள நடந்து வந்தார். சத்தத்துக்கு நிரோஜா கதவைத் திறந்தாள். செம்மஞ்சள் சப்பாத்தும், இடுப்பில சாரமும், வியர்த்த முகமுமா தகப்பன் ஓடையில நிக்கிறார்.

"பிள்ளை, இது கழருதில்லை" எண்டார்.

அவள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். ஏலேல்லை. நிலத்தில குந்தியிருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். கண்ணீர் வர வரச் சிரிச்சுப்போட்டு, சப்பாத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இது உங்களுக்கு நல்ல அளவு!" எண்டாள் டெனிஷில. "வாங்கோ, குன்றுக்குப் போவம்."

"பனி கொஞ்சம் குறையட்டும்..." எண்டு தொடங்கினார். பிள்ளை அவரைப் பார்த்தாள். அவருக்கு விளங்கிச்சுது. "பொறு, காற்சட்டை போட்டுக்கொண்டு வாறன்" எண்டார். சப்பாத்தோட காற்சட்டை போட்டது தனிக்கதை.

டென்மார்க்கில எங்க இருக்குது மலை? கால்பந்துத் திடலுக்குப் பின்னால பிள்ளையள் சறுக்கி விளையாடுற ஒரு மண்மேடுதான். நிரோஜா ஸ்கீயைக் கொளுவி விட்டாள், அடியில குங்குமம் இன்னும் இருந்தது. "முழங்காலை மடியுங்கோ" எண்டாள். அவர் மடிச்சார். அவ்வளவுதான் அவர் தன்ர விருப்பத்தில செய்தது. மிச்சமெல்லாம் மேடு செய்தது. "ஐயோ, விலகுங்கோடா! விலகுங்கோ!" எண்டு அவர் தமிழில போட்ட சத்தம் டெனிஷ்ப் பிள்ளையள் எல்லாருக்கும் நல்ல வடிவா விளங்கிச்சுது. மேட்டால இறங்கி, திடலைக் கடந்து, வேலிச் செடிக்குள்ள தலைகீழாப் போய் விழுந்தார்.

நிரோஜா ஓடி வந்து ஸ்கீயைக் கழட்டி, அவற்ற மீசையில இருந்த பனியைத் தட்டிவிட்டாள். அவர் கிடந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தார். நல்ல உயரமாத்தான் தெரிஞ்சாள்.

"நீ எப்ப பிள்ளை வளந்தனீ?" எண்டு கேட்டார்.

"நீங்கள் ரிவி பார்த்துக்கொண்டிருக்கேக்க" எண்டாள். கோவமில்லாமல், நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்லுற மாதிரிச் சொன்னாள். பிறகு கையைக் குடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் கன நேரம் அந்தக் கையை விடேல்லை.

திங்கட்கிழமை அவள் வாறன் எண்டு சொன்னாள், சாமான் வாடகைக்கு எண்டும் சொன்னாள். குணசேகரத்தார் கத்தரிக்கோல் எடுத்து சோபா உறையை வெட்டிக் கழட்டினார். இவ்வளவு காலமும் மண்ணிறம் எண்டு நினைச்ச சோபா, உள்ளுக்கு நல்ல மஞ்சள். நிரஞ்சலா அதில இருந்து பார்த்துப்போட்டு, மெத்தை கொஞ்சம் கல்லுத்தான் எண்டா.

மாசியில ஒரு விடியக்காலை பள்ளிக்கூட வாசலில பஸ் வந்து நிண்டது. குணசேகரத்தார் பையைத் தூக்கி ஏத்தினார். அளவான பை, நிரோஜா தானே போய் வாங்கினது. சாப்பிடு, குளிராமல் இரு, ரெலிபோன் எடு எண்டு வழக்கமான எல்லாத்தையும் சொன்னார். அவளும் "யா, யா" எண்டு கேட்டுப்போட்டு ஏறினாள். பிறகு என்ன நினைச்சாளோ, படியில நிண்டு திரும்பினாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தமிழில, சத்தமாச் சொன்னாள்:

"அப்பா, நான் வாறதுக்குள்ள வளந்திடாதேங்கோ!"

"இல்லை பிள்ளை" எண்டார் குணசேகரத்தார். "நான் இப்பிடியே நிக்கிறன்."

பஸ் போன பிறகும் மனுசன் அந்த இடத்திலயேதான் நிண்டார். நிரஞ்சலா வந்து கையைப் பிடிச்சு இழுத்துத்தான் காருக்குள்ள ஏத்தினவ.