அண்ணன் கம்பெனி கார்டு

நைனாவின் இதய வால்வு சுருங்கிவிட்டது என்று சித்தூர் டாக்டர் சொன்ன அன்று வீட்டில் யாரும் பதறவில்லை. காரணம் அண்ணன். அவனுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை, கம்பெனியே கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ். "எம் பெரிய புள்ள கார்டு இருக்குது" என்று நைனா டீக்கடையில்கூட அளப்பார். எனக்கு வயிறெரியும். பி.டெக். முடித்தும் அவர் காட்டிக்கொள்ள என்னிடம் ஒரு கார்டும் இல்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் மறைக்கவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நுரையீரலும் சரியில்லை. நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றுவது ஆபத்து. தொடை வழியாகக் குழாய் விட்டு மாற்றுவதுதான் நல்லது, ஆனால் பல லட்சம் ஆகும். தள்ளிப்போடவும் கூடாது. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். கார்டு இருக்கிறதே.

இன்சூரன்ஸ் கவுண்டர் அக்கா அண்ணனின் எம்ப்ளாயி நம்பரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"நைனா பேரு லேது தம்முடு. மாமனார், மாமியார் பேருதான் இருக்குது."

"சரியா பாருக்கா. பெத்தவங்க பேரு இருக்கும்."

"ஒரு செட்டுதாம்ப்பா போட முடியும். பெத்தவங்க, இல்லன்னா மாமனார் மாமியார்."

நைனா அப்போதுதான் வாயைத் திறந்தார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதற்கு முன் பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்களாம். பெண்ணின் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் இருக்கிறது, எங்களுக்கு ஒரே பெண், மாப்பிள்ளை கார்டில் எங்கள் பெயரைப் போடுங்கள் என்று. ஒரு வருஷத்துக்குத்தானே என்று நைனா சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அப்ப நான் கல்லாட்டம் இருந்தேன்டா. போன உகாதிக்கு மாத்திட்டேன் நைனான்னு அவந்தான் சொன்னான்."

அது எனக்கும் நினைவிருக்கிறது. ஒப்பட்டுப் போளியைத் துன்னுகினே சொன்னான். நேற்று ராத்திரி எம்ப்ளாயி நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பியவனும் அவன்தான். இந்தக் கவுண்டரில் வந்து முழிப்போம் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறான்.

மூன்றாவது முறை போன் போட்டதும் எடுத்தான்.

"மீட்டிங்ல இருக்கிறன்டா."

"கார்டுல யார் பேருடா இருக்குது?"

"மாத்தணும்னுதான்டா இருந்தேன். அவங்க வூட்ல ஒத்துக்கல. இனிமே ஏப்ரல்லதான் மாத்த முடியும்."

"அதுவரைக்கும் வால்வ வெயிட் பண்ணச் சொல்லட்டுமா?"

கட் செய்துவிட்டான்.

நைனா என் பையை வாங்கினார். அடியில், லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவில், பிளாஸ்டிக் கவரில் எங்கள் ரேஷன் கார்டு. அரசாங்க இலவச மருத்துவத் திட்டத்துக்கு அது போதும். ஆனால் அதில் நெஞ்சைப் பிளக்கும் ஆபரேஷன்தான் கிடைக்கும் என்றார் அக்கா.

"இத எப்ப வெச்ச? ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"மாத்தலன்னு தெரியாது. மாத்தியிருப்பான்னும் தோணல."

அப்படியானால் டீக்கடையில் அளந்ததெல்லாம்? கார்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

திட்டக் கவுண்டர் லைனில் பாதி தூரம் போனபோது அண்ணன் கூப்பிட்டான். கட் செய்யப் போனேன். நைனா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சொல்றா. ஆமா, லைன்ல நின்னுகினு இருக்கிறோம். அறுத்துதான் பண்ணுவாங்களாம்." மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். "அத வுடு. சம்பந்தி முட்டி எப்பிடிடா இருக்குது? மாடிப்படி ஏறுறாரா?"