தையலுக்கு விட்ட துணி

காலமான சினிமா உடை வடிவமைப்பாளர் அம்மையார் ஒருவரின் ஓவியங்களை, தூத்துக்குடியில் அவர் வீட்டில் உட்கார்ந்து நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவரிடம் வேலை பார்த்த தையல்காரர் ஒருநாள் வந்தார். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் என் தோள்களைக் கண்ணாலேயே அளந்தார். எதையாவது உருவிக்கொண்டு போக வந்தவரோ என்று அலமாரிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

முத்துக்கரை வைத்த ஜாக்கெட் படத்தை எடுத்தார்.

"இது அம்மா வரைஞ்சதில்ல."

"கையெழுத்து இருக்கே அண்ணாச்சி?"

"கையெழுத்து அவுக போட்டதுதான்."

"பொய்ப் படம்னா கிழிச்சிரட்டுமா?"

சட்டென்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு மெல்ல மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மற்ற படங்களில் ஜாக்கெட்டின் ஓரம் ஒற்றைக் கோடு. இதில் மட்டும், தையலுக்குத் துணி விட்டு வெளியே இன்னொரு கோடு. துணி வெட்டிப் பழகிய கைதான் அப்படி வரையும்.

அன்றிலிருந்து நான் சந்தேகப்படுவது அந்த மனிதரை அல்ல, கையெழுத்தை.