சட்டைக் கையில் மூன்று பட்டி

எங்கள் பள்ளிக்கூட மைதானம் மேற்கிலிருந்து கிழக்குவரை நூற்றுப் பன்னிரண்டு காலடி. மதிப்பாகச் சொல்லவில்லை. கிழமைக்கு மூன்று பின்னேரம், ஒரு வருடத்துக்கு மேலாக நடந்து அளந்தது. ஒரு காலடி சரியாக முப்பது அங்குலம் இருக்கவேண்டும் என்று மாணவர் படைக்குப் பொறுப்பான சேர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் கேட்டு மறந்தார்கள். நான் அப்பாவின் வலை நூலில் முப்பது அங்குலம் வெட்டி எடுத்து, எங்கள் ஊர்க் கீரிக் கடற்கரையில் ஈர மணலில் அடையாளம் போட்டுப் போட்டு நடந்து பழகினேன்.

சண்டை தொடங்கிய முதல் வருடங்கள் அவை. நான் பத்தாம் வகுப்பு. படையில் இருபத்தெட்டுப் பேர், மரத் துவக்குகள் இருபத்தாறு. கடைசியாகச் சேர்ந்த இருவர் வகுப்புக் கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஊரில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகிற கழுதைகள் சில நாட்களில் எங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளும். ஒருமுறை ஐந்து வந்தன.

“கழுதையள் வரிசை பிசகாமல் வருகுது. உங்களுக்கு என்னடா வந்தது?” என்பார் சேர்.

தலைமைத்துவம், நற்குடிமகன், கட்டுப்பாடு என்று அவர் கரும்பலகையில் எழுதியவற்றை அழகான எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எனக்கு உண்மையில் பிடித்தது வேறொன்று. வலது கரையில் முதலாவதாக நிற்பவனுடைய காலைப் பார்த்துத்தான் மற்ற இருபத்தேழு பேரும் நடக்கவேண்டும். அந்த இடத்தில் நான் நின்றேன். தவணை முடிவில் ஒருவனைச் சார்ஜன் ஆக்கி, சட்டைக் கையில் மூன்று பட்டி தைப்பார்கள். அது எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வீட்டில் அப்பா, “பெடியன் கூனாமல் நடக்கிறான், நல்லதுதானே” என்று சொல்லிச் சம்மதக் கடிதத்தில் ஒப்பம் வைத்திருந்தார். அக்கா மட்டும், “சார்ஜன் ஐயா, அப்பிடியே கிணத்தடிக்கு மார்ச் பண்ணி ரெண்டு வாளி தண்ணி கொண்டு வாங்கோ” என்பாள். அம்மாவுக்குக் காக்கியைக் கண்ணில் காட்டக்கூடாது.

“இந்த உடுப்போட தூரத்தில வந்தா, நீ ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே” என்றேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து வரும்போது, சந்தி வளைவில் ஆமி ட்ரக் ஒன்று வேகம் குறைந்தது. பின்னால் இருந்த இளம் சிப்பாய் ஒருவன் என் காக்கியையும் சப்பாத்தையும் பார்த்துச் சிரித்து, விளையாட்டாக எனக்குச் சல்யூட் அடித்தான். நான் விளையாடவில்லை. குதிகால்களைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, சேர் காட்டித்தந்த முறையில் திருப்பி அடித்தேன். ட்ரக் போய்விட்டது. தேத்தண்ணிக் கடை வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம், இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அப்பா கடலில். மூத்தவன்தான் கதைத்தான். இளையவனுக்கு மீசை சரியாக அரும்பவில்லை. என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.

“தம்பி நல்லா மார்ச் பண்ணுவாராம், அம்மா. பழகின ஆக்கள் எங்களுக்குத் தேவை. மற்றது, ஆமிக்குச் சல்யூட் அடிக்கிறதும் நல்லதில்லை.”

“இவன் என்னத்தை மார்ச் பண்ணுறது?” என்றாள் அம்மா. “முட்டு வருத்தக்காரன். நாலடி ஓடினா மூச்சு எடுக்க ஏலாது.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாழ்நாளில் எனக்கு முட்டு வந்ததில்லை.

“பொய்! மைதானத்தைப் பன்னிரண்டு தரம் நிக்காமல் சுத்துவன்” என்றேன்.

மூத்தவன் சிரித்தான். “ஞாயிற்றுக்கிழமை வாறம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை, விற்பதற்கு வைத்திருந்த கட்டாக் கருவாட்டில் பெரியதாகப் பார்த்து ஏழு எடுத்து, பனையோலைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சேரின் அறைக்குள் அவள் போவதை வகுப்பு யன்னலால் பார்த்தேன். சொன்ன பொய்க்கு வெட்கப்பட்டு, எனக்குப் பட்டி கேட்கப் போகிறாள் என்று விளங்கிக்கொண்டேன். ஏழு கூடிப்போய்விட்டது, ஐந்து போதும் என்றும் நினைத்தேன்.

அன்று பின்னேரம் சேர் என்னைத் தனியாக நடக்கச் சொன்னார். நடந்தேன்.

“கால் பிழை. திரும்பி வா.”

திரும்பி வந்தேன். மறுபடியும் பிழை என்றார். மூன்றாம் தரம் ஒவ்வொரு காலடியையும் வாய்க்குள் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது. சரியான இடத்தில், சரியான காலில்.

“மூச்சு வாங்குது உனக்கு. எல்லாருக்கும் கேக்குது” என்றார்.

“இல்லை, சேர்.”

“வாய் காட்டாத. துவக்கை வை.”

என் துவக்கைத் தும்புத்தடிக்காரன் ஒருவனிடம் கொடுத்தார். எனக்கு முட்டு வருத்தம், படையிலிருந்து நீக்கப்படுகிறேன் என்று கடிதம் எழுதி, பள்ளிக்கூட முத்திரை குத்தி, வீட்டில் கொடுக்கச் சொன்னார். அதைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கருவாடு வாங்கிக்கொண்டும் இப்படிச் செய்கிற மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். முட்டு என்ற சொல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அன்றிலிருந்து அம்மாவோடு நான் கதைக்கவில்லை. அவள் முன்னால் வாயே திறப்பதில்லை என்று சபதம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா கடிதத்தை நீட்டினாள். மூத்தவன் இரண்டு தரம் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“என்ன தம்பி, உண்மையோ?”

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அம்மா பக்கத்தில் நின்றாள். சபதம் சபதம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“வருத்தமெண்டா என்ன செய்யிறது” என்று கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இளையவன் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அதைக் கண்டாள்.

“நீ சாப்பிட்டியோ, தம்பி?”

அவன் மூத்தவனைப் பார்த்தான். மூத்தவன் தலையாட்டினான். மீன் குழம்போடு மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அன்று ஒரு தரத்துக்குத்தான் மிஞ்சியது.

“எந்த இடம் நீ?” என்று கேட்டாள் அம்மா.

“நானாட்டான். வயல்காரர்.”

“நீ இஞ்ச நிக்கிறது அம்மாவுக்குத் தெரியுமோ?”

அவன் எழுந்து கை கழுவினான்.

சைக்கிள்கள் பனைகளுக்குப் பின்னால் மறையும்வரை அவன் சாப்பிட்ட கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வாசல் படலையடியில் நின்றாள். பிறகு அழத் தொடங்கினாள். செத்த வீட்டில் அழுவதுபோல, சத்தம் வைத்து. ஒரு தாய் தன் பிழையை உணர்ந்து இப்படி அழும்போது பிள்ளை பிடிவாதமாக இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நாலு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தேன்.

“அழாதேங்கோ, அம்மா. பட்டி போனாப் போகட்டும்.”

அவள் என்னைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். நான் மன்னித்துவிட்டதை அவளால் தாங்கமுடியவில்லை என்று நினைத்தேன்.