சென்ட் பாட்டில் வைத்திருந்த தரகர்

செஞ்சியிலிருந்து எங்கள் சிங்கவரத்துக்கு ஒரு கல்யாணத் தரகர் வருவார். ஒல்லியான ஆள். கக்கத்தில் எப்போதும் ஒரு தோல் பை. பக்கத்தில் யார் நின்றாலும் லேசாக மோந்து பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

என் மகளைப் பெண் பார்க்க அவர் மாப்பிள்ளையை அழைத்து வந்த அன்று, நான் சோடா வாங்கப் போனேன். தெருமுனையில் அவர்கள் கார் நின்றது. மாப்பிள்ளையிடம் குடித்த நாற்றம். தரகர் அவன் சட்டையில் சென்ட் அடித்து, வாயில் ஏலக்காயைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாய்யா இது?” என்றேன்.

அவர் கூச்சப்படவில்லை. “பொண்ணு மூக்கால பாக்கும்ணா. பையன் கண்ணால பாப்பான். இதுல இன்னா இருக்குது?”

“குடிகாரன மறைச்சி என் பொண்ணு தலையில கட்டப் பாக்குறியா?”

“நீங்க மட்டும்? மஞ்ச பல்பு மாட்டுனா பொண்ணு கலரா தெரியும்னேன். ஓடிப்போயி வாங்கியாந்து மாட்டுனீங்களே!”

அவர்களை அப்படியே திருப்பி அனுப்பினேன். தரகர் கோபப்படவில்லை. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அடுத்த எடத்துக்கு ஆவும்” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். மகள் பூ வைத்துக்கொண்டு அந்த மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா நைனா, அவுங்க வர்லியா?” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.