துவைகல்லுக்கு அடியில் ஐந்து விரல்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மத்தூரிலிருந்து பேரிகைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, கிணற்றடித் துவைகல்தான் முதல் சிநேகிதி. ஆள் நீளம் இருக்கும். மேற்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். என் மாமியார் கல்யாணமாகி வந்தபோதே அது அங்கே கிடந்ததாம்.

ஒருநாள் சவுக்காரம் நழுவி, மண் அரித்திருந்த இடுக்கு வழியாகக் கல்லுக்கு அடியில் போய்விட்டது. கையை விட்டுத் துழாவினேன். சவுக்காரம் அகப்படவில்லை. கல்லின் அடிப்புறத்தில் விரல்கள் தட்டுப்பட்டன. எண்ணிப் பார்த்தேன், ஐந்து. பக்கத்திலேயே கத்திப்பிடி மாதிரி ஒன்று. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். மாமியார் சிரியோ சிரியென்று சிரித்தார். "துணி தொவைக்க அனுப்புனா, கல்லுக்கு நாடி புடிச்சிப் பாத்துட்டு வந்திருக்கா!"

மறுநாள் காலை கல்லுடைப்பவர் உளியோடு வந்து நின்றார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்கு இரண்டு தூண் வேண்டுமென்று, அந்தக் கல்லைப் பிளக்க மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். கல்லுடைப்பவர் கரியால் கோடு போட்டு உளியை வைத்ததும் எனக்கு என்ன ஆனதோ, ஓடிப்போய்க் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை மாமனார் எதிரில் நிமிர்ந்துகூட நிற்காதவள் நான்! மாமியாருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். அன்று கன்னடமும் சேர்ந்து வந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

"பெரட்டிப் பாருங்க மாமா. ஒன்னும் இல்லைன்னா நானே மூட்டை கட்டிக்கினு மத்தூருக்குப் போயிடறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"பெரட்டுப்பா" என்றார் மாமனார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் இறங்கி நின்றேன். கடப்பாரை போட்டு நெம்பிப் புரட்டினார்கள். ஒரே சேறும் மண்புழுவும். குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு பாயும் புலி, அதன் வயிற்றில் கத்தியைச் செருகி நிற்கும் வீரன்! கல்லுடைப்பவர் உளியைப் போட்டுவிட்டுத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வேடியப்பன் சாமிங்க!"

புலியோடு சண்டை போட்டு மாண்டவனுக்கு நட்ட கல்லை எங்கள் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவோம். தங்கள் வேடியப்பன் எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டார் என்று மாமியார் வீட்டார் வருஷா வருஷம் வண்டி கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் பொங்கல் வைக்கப் போவார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். இவர்கள் அந்த வெண்ணெய்மேல் அழுக்குத் துணியையும் அடித்துத் துவைத்திருக்கிறார்கள்!

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கோ சந்தோஷத்தை மறைக்கவே முடியவில்லை. சாயங்காலமே கல்லை வேப்பமரத்தடியில் நட்டார்கள். முதல் கற்பூரம் நான்தான் ஏற்றினேன்.

அடுத்த வாரம் துவைப்பதற்குப் புதுக் கல் வண்டியில் வந்தது. இறக்கப் போனவர்களை மாமியார் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மொதல்ல நீ அடியில கைய வுட்டுப் பாத்துச் சொல்லு. அப்புறம் எறக்கட்டும்."