கூப்பனுக்குப் பின்பக்கம்

புள்ளிக்கோட்டில் பாதி தூரம் வெட்டியபின் தாளைத் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். பின்பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் கன்னம்வரை அறுபட்டிருந்தது.

சலவை இயந்திரம் பரிசு என்று சொல்லும் கூப்பன் அது. வெட்டி, பெயரும் முகவரியும் எழுதி, உறைக்குள் போட்ட மாதிரி ஒன்றை விளம்பர ஏஜென்சி தன் கோப்புக்காகக் கேட்டிருந்தது. அதற்காக இருபத்தேழாம் பக்கத்தையும் அதன் முதுகில் வரும் இருபத்தெட்டையும், வாரப் பத்திரிகையில் எப்படி வருமோ அப்படியே, ஒரே தாளின் இருபுறமும் அச்செடுத்திருந்தாள். கூப்பன் வலது கீழ் மூலையில் இருந்தது. அதற்கு நேர் பின்னால் கால்பக்க நினைவஞ்சலி.

அந்த முகம் ஒரு தையல்காரரின் மனைவியுடையது. இறந்து ஓராண்டு ஆகிறது. செவ்வாய்க்கிழமை அவரே நேரில் வந்து, இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே கொண்டுவந்த படத்தை விளம்பர மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போனார். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். பின்வரிசையில் நின்றவளைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டையை அழிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. வேறு படம் கிடையாது என்று அவர் சொல்லியிருந்தார்.

அலுவலகத்தில் இவளை டம்மி அக்கா என்பார்கள். டம்மி என்பது பத்திரிகையின் வெற்று மாதிரி. வெள்ளைத்தாளை மடித்து, மடிப்பை அறுத்து, எங்கே கதை, எங்கே விளம்பரம் என்று பென்சிலால் குறிப்பது. பக்கங்களைக் கணினியில் கட்டுவதும் அவள்தான். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் முதல் வேலை தாளை மடிப்பது. கணினி இரண்டு பக்கங்களை அருகருகே காட்டும். எதன் முதுகில் எது இருக்கிறது என்பதை மடித்த தாளில்தான் சட்டென்று பார்க்க முடியும். சின்ன வயதில் மகள் பள்ளியில் "எங்கம்மா ஆபீஸ்ல டம்மி" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ் ஓட்டும் கணவர் அதைக் கேட்டு, "ஆபீஸ்லயாவது இருக்கட்டும். வீட்டுல நாந்தானே" என்றார்.

கூப்பனுக்குப் பின்னால், போனால் போகட்டும் என்று விடக்கூடியதை மட்டுமே வைக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். அவள் கொண்டுவந்த வழக்கம். திங்கட்கிழமை அந்த மூலையில் பத்திரிகையின் சொந்தச் சந்தா விளம்பரத்தை வைத்தாள். செவ்வாய் மதியம் நினைவஞ்சலி வந்தபோது பக்கங்கள் நிறைந்துவிட்டிருந்தன. எடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளாதது சந்தா விளம்பரம் ஒன்றுதான். அளவும் கச்சிதமாகப் பொருந்தியது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தாள். அது ஏன் அங்கே இருந்தது என்பதை மறந்துபோனாள்.

இன்று வியாழன். மணி மூன்று. அறுந்த தாளை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அச்சகம் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. மெஷின்காரர் உருளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பன் வரும் பக்கம் நான்கு வண்ணத்திலும் ஓடி முடிந்து, தாள்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றைத் திருப்பிப் போட்டு, மறுபுறத்தில் கறுப்பு மட்டும் ஓட்ட வேண்டும். அதற்கான அச்சுத் தகடு சுவரில் சாய்ந்திருந்தது.

"அதை மாட்டாதீங்கண்ணே. வேற பிளேட் வரும்."

அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். இருபது வருஷமாகக் கூப்பனுக்குப் பின்பக்கம் பார்த்தாயா, பார்த்தாயா என்று எல்லோரையும் நச்சரித்தவள் அவள்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்திருச்சா?"

விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று கேட்டாள். பிளேட் எடுப்பவர் நாலரைக்குக் கிளம்பிவிடுவார், நாலு மணிக்குள் பக்கம் கைக்கு வந்தால் பைண்டிங்குக்குத் தாமதமில்லாமல் ஓட்டிவிடலாம், அதற்குமேல் என்றால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார். தகட்டை வீணாக்கியதற்கான சீட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்றும் கேட்டார். தான்தான் என்றாள்.

விளம்பர மேனேஜரின் அறை முதல் மாடியில். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கக் கூப்பனின் கட்டங்கள் அந்த முகத்தின்மேல் மங்கலாகத் தெரிந்தன. அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நூத்துக்கு ரெண்டு பேர் வெட்டுவாங்க. மீதித் தொண்ணூத்தெட்டு வீட்டுல அந்தம்மா முழுசா இருப்பாங்க. விடு டம்மி."

கணக்கு சரிதான். எத்தனை ஆண்டுகளாகவோ கூப்பன் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்.

"அவரு இருபது பிரதி கேட்டுட்டுப் போயிருக்காரு சார். சொந்தக்காரங்களுக்குக் கொடுக்க."

"அப்ப இன்னும் நல்லது. படம் பின்னாடி இருக்குன்னு தெரிஞ்சு யாராவது வெட்டுவாங்களா?"

"வெட்டுறவங்க பின்னாடி பார்க்க மாட்டாங்க சார். இதை நானேதான் வெட்டினேன்."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு, வண்ணப் பக்கம் ஓடிவிட்டது, அதில் கை வைக்க முடியாது, கறுப்புத் தகட்டிலிருக்கும் எட்டுப் பக்கங்களுக்குள்ளேயே ஏதாவது செய்துகொள், வேறு யாருடைய விளம்பரமும் நகரக்கூடாது என்றார். தொலைபேசி அடித்தது. கையசைத்து அனுப்பினார்.

எட்டுப் பக்கங்களையும் மேசையில் பரப்பினாள். பதினேழு, இருபது, இருபத்தொன்று என்று அந்தத் தகட்டுக்குரிய வரிசை. டாக்டரின் கேள்வி பதில் ஒரு முழுப்பக்கம். ஒரு கதை மூன்று பக்கத்துக்கு ஓடியது. அதன் கடைசிப் பத்தியைக் கூப்பனுக்குப் பின்னால் போட்டால் எழுதியவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நினைவஞ்சலி அளவுக்குச் சரியாக இருந்தவை இரண்டே பெட்டிகள். ஒன்று இருபத்தொன்றில், சென்ற மாதக் குறுக்கெழுத்துப் போட்டியில் வென்றவர்களின் பட்டியல். போட்டிக்கு எழுதுகிறவர்கள்தான் கூப்பனும் வெட்டுகிறவர்கள். தங்கள் பெயரைத் தாங்களே வெட்டி அனுப்பிவிட்டு, பெயர் வரவில்லை என்று கடிதமும் போடுவார்கள்.

இன்னொன்று இருபத்தைந்தில் இருந்தது. அது அவளுடையது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாசகர், பக்கம் கட்டுவது என்கிறீர்களே, கயிற்றாலா கட்டுகிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுதச் சொல்லி அந்தக் கடிதம் அவளிடம் வந்தது. எட்டு வரி எழுதினாள். ஆசிரியர் படித்துவிட்டு, இப்படியே அச்சகத்திலும் விளம்பரத்திலும் கணினியிலும் புழங்கும் சொற்களை வாரம் பத்தாக எழுது, பெயரோடு போடலாம் என்றார். அவர் அப்படிச் சொன்னதை அவரே மறந்துவிடக் கூடியவர். அவள் அன்றிரவே தொடங்கினாள்.

எழுதியதை முதலில் கணவரிடம் காட்டுவாள். டிப்போவில் அடுத்த நடைக்குக் காத்திருக்கும்போது படித்துவிட்டு, புரியாததைப் பேனாவால் சுழித்துக் கொண்டுவருவார். ஒன்றைப் பற்றி, "அழகா இருக்கு, ஒண்ணும் விளங்கலை" என்றார். அதை முழுக்க அடித்துவிட்டாள். இப்போது பெட்டியில் இருந்தவை இப்படி:

பிளீட்: வெட்டும்போது கை ஒரு நூல் தவறினாலும் ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க, படத்தைத் தாளின் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி வைப்பது.

சர்குலேஷன்: அச்சடித்த பிரதிகள் அல்ல. விற்ற பிரதிகள். விளம்பரம் கேட்கப் போகும்போது இந்த வித்தியாசம் மறந்துபோகும்.

பிக்சல்: கணினிப் படத்தின் ஒரு புள்ளி. சின்னக் கோலத்தை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிகள் மட்டும்தான் தெரியும்.

பேக்கப்: கோப்பின் இரண்டாவது பிரதி. இல்லாதபோதுதான் இதைப் பற்றிப் பேசுவார்கள்.

இப்படிப் பத்து. கீழே அவள் பெயர். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் பெயரை வைத்தவள். தடித்த எழுத்தா சாய்ந்த எழுத்தா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று அவர்கள் சண்டை போட்டதையெல்லாம் கேட்டவள். தன் பெயரை ஒன்பது புள்ளி அளவு எழுத்தில் போட்டாள். பிறகு பத்து ஆக்கினாள். யாரோ அறைக்குள் வர, மறுபடி ஒன்பதாக்கினாள்.

மணி மூன்று முப்பத்தைந்து.

பெட்டியை இந்த வாரம் எடுத்துவிட்டுச் சந்தா விளம்பரத்தையே மூலையில் போடலாம். அடுத்த வாரம் ஆசிரியருக்கு வேறு யோசனை வந்திருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். நினைவஞ்சலியைத் தூக்கி இருபத்தைந்தில் வைத்தாள். பெட்டியைக் கூப்பனுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

புள்ளிக்கோடு எங்கே வரும் என்று அளந்து பார்த்தாள். பெட்டியைவிடக் கூப்பன் சற்றுச் சிறியது. மேல்விளிம்பில் ஒரு விரற்கடை தப்பும். பெயரை அங்கே ஏற்ற முடியுமா என்று முயன்றாள். தலைப்பு இறங்கி முதல் சொல்லின்மேல் விழுந்தது. பெயரைக் கீழேயே விட்டாள். வெட்டுகிறவர்களுக்கு "அச்சுக்கூடச் சொற்கள்" என்ற தலைப்பு மட்டும் மிஞ்சும்.

மேனேஜர் கையெழுத்துப் போடுமுன் இரண்டு பக்கங்களையும் படித்தார். கீழே பெயரைப் பார்த்தபின் நிமிர்ந்தார். முதல் தடவை பெயர் வருகிறது, அதையா கொண்டுபோய் அங்கே வைத்தாய் என்று கேட்டார்.

"நூத்துக்கு ரெண்டு பேர்தானே சார்."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பக்கம் பிளேட் எடுப்பவர் கைக்குப் போனது. நாலரைக்குப் பதிலாக ஐந்துக்குத்தான் அவர் கிளம்ப முடிந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார். முதல் தாள் வந்ததும் மெஷின்காரர் அதைத் திருப்பிக் காட்டினார். இருபத்தைந்தில் அந்தப் பெண் முழுதாக இருந்தாள். கறுப்பு கொஞ்சம் அதிகம் என்று இவள் சொன்னாள். அவர் மையைக் குறைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்திரிகை காலை ஆறு மணிக்குக் கடைகளுக்குப் போனது. அவள் ஒன்பது பத்துக்கு அலுவலகம் வந்தாள். தகடு வீணானதற்கான சீட்டு மேசையில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினொரு மணிக்குத் தையல்காரர் வந்து இருபது பிரதிகளை வாங்கிக்கொண்டார். ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். தோள்பட்டை எங்கே என்று கேட்டார். அழித்துவிட்டதாகச் சொன்னாள். அது தன்னுடைய தோள்தான், பரவாயில்லை என்றார். பிரதிகளைக் கயிறு போட்டுக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மதியம் நாத்தனார் தொலைபேசியில் பேசினாள். கூப்பனை அனுப்பியாகிவிட்டது, நீ எழுதியது எந்தப் பக்கத்தில் என்று கேட்டாள். இவள் இன்னொரு பிரதி வாங்கச் சொன்னாள். கணவர் டிப்போவில் இரண்டு பிரதிகள் வாங்கி, ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்திருந்தார். மூன்று மணிக்கு, அடுத்த வாரச் சொற்கள் தயாரா என்று ஆசிரியர் ஆள் அனுப்பிக் கேட்டார். ஏழு தயாராக இருந்தன. மீதி மூன்றைத் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லி அனுப்பினாள். ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பினாள்.