என் இல்லாளுக்குப் பிடித்த சாப்பாடு

இந்த ஓராண்டு நினைவு மலருக்கான கட்டுரையைத் தான் எழுதுவதாக மகள் சொன்னாள். வேண்டாம் பிள்ளை, நானே எழுதுகிறேன் என்று தடுத்துவிட்டேன். அவள் எழுதினால் தாயைத் தெய்வமாக்கி விடுவாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவர் தெய்வமல்லர். அவருக்குக் கோபம் வரும். மழை வரும் என்று நான் சொன்னால் வராது என்பார். வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மனுசியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என் இல்லாள் நெடுந்தீவில், மாடு வளர்த்தும் தோட்டம் செய்தும் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் நடுப்பிள்ளை. நான் அப்போது வேலணையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பெண் பார்க்கப் போன நாளில் சோழகக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. வள்ளத்தில் வழிநெடுகச் சத்தி எடுத்து, முகம் வெளிறி, அவர்கள் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"முதலிலை அவருக்குத் தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ. பேந்து ஆறுதலாய்ப் பொம்பிளை பாக்கட்டும்."

அது பொம்பிளையின் குரல்தான். பார்க்காமலே சம்மதம் சொல்லிவிட்டேன்.

வேலணைக்கு வந்தபின் எங்கள் குசினியில் அடுப்பு ஓய்ந்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தவர் வெறுவயிற்றோடு போகமுடியாது. நானும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகுதான் அவர் தம் சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பார். இரும், சேர்ந்து சாப்பிடுவோம் என்று நான் கூப்பிட்டால், "நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குப் பசிக்கேல்லை" என்பார். பசிக்காத ஆளுக்கு அவ்வளவு வேலை செய்யப் பலம் எங்கிருந்து வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

யுத்தம் எங்களைத் தீவை விட்டு எழுப்பியபோது இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனோம். வழியில் முன்பின் தெரியாத ஓர் அம்மா கூப்பிட்டுச் சோறும் சம்பலும் தந்தார். சம்பலில் தேங்காய்ப்பூவைத் தேடவேண்டியிருந்தது. என் இல்லாளோ, "அக்கா, இப்பிடி ஒரு சம்பல் நான் எங்கையும் சாப்பிடேல்லை" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

ஒழுங்கையில் இறங்கியதும் நான் சீண்டினேன். "நல்லாய்த்தான் அளக்கிறீர்."

"தன்ரை பிள்ளையளின்ரை பங்கிலை எடுத்துத் தந்தவ அந்த மனுசி. திருப்பிக் குடுக்க எங்களிட்டை வேறை என்ன கிடக்கு? உங்களுக்கு வாய் நோகுதெண்டால் நீங்கள் சும்மா இருங்கோ."

ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் பற்றை. கிடுகு வேய்ந்து, கிணறு இறைத்து, மறுபடியும் அடுப்பு மூட்டினார். பிள்ளைகள் படித்தார்கள். மகள் கனடாவுக்கும் மகன் சுவிசுக்கும் போனார்கள். வாருங்கோ வாருங்கோ என்று இருவரும் கூப்பிட்டார்கள். "அங்கை வந்து ஆருக்குச் சமைக்கிறது?" என்று மறுத்துவிட்டார். பிறகு புற்றுநோய் வந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் பல மாதங்கள் அலைந்தோம். கடைசி வாரத்தில் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, ஒரு விடியற்காலையில், தம் சொந்தக் கட்டிலில் அமைதியாகப் போய்ச்சேர்ந்தார். அந்த அளவில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இனி, நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன்.

இறந்து எட்டாம் நாள் வரும் எட்டுச் செலவன்று, போனவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் படைப்பது எங்கள் வழக்கம். என்ன சமைப்பது என்று முதல்நாள் பிள்ளைகள் கதைத்தார்கள்.

"அம்மாவுக்கு நண்டுக்கறி எண்டால் உயிர்," என்றாள் மகள்.

"அது உங்களுக்கெல்லோ அக்கா உயிர்! அவ சாப்பிட்டு நான் காணேல்லை. அவவுக்கு விருப்பம் பாலப்பம்."

"பாலப்பம் உனக்கடா."

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, அம்மாவுக்கு என்ன பிடிக்குமெண்டு எங்களுக்குத் தெரியாதே! அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

எனக்கு ஒரு பதில் தெரியும். ஆனால் அதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று அவரே என்னிடம் கேட்டிருந்தார். பூமியில் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று நான் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சமையுங்கோ என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் பக்கத்து வளவுப் பரமேஸ்வரி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒரு பானை ஒடியற்கூழோடு. "அண்ணை, அக்காவுக்கு உலகத்திலை பிடிச்ச சாப்பாடு என்ரை கூழ்தான். ஒருதருக்கும் சொல்லாதை எண்டு சொன்னவ. இண்டைக்குச் சொல்லாமல் என்னெண்டு இருக்கிறது?"

அடுத்து மண்டைதீவிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் மேரி வந்தார். பூசைக்குப் போய்விட்டு நேரே வந்ததால் கையில் செபமாலையும் இருந்தது, கணவாய்க்கறிச் சட்டியும் இருந்தது. "அக்கா இதைத்தான் கேப்பா. ஆருக்கும் சொல்லிப்போடாதை மேரி எண்டும் சொன்னவ." நெடுந்தீவிலிருந்து முதல் வள்ளத்தில் வந்த மைத்துனியார் மண்முட்டி நிறையத் தயிர் கொண்டுவந்தார். அவர் சொன்னதும் அதே கதை. கடைசியாக, எங்கள் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பு அறையில் வாடகைக்கு இருக்கும் இளம் ரீச்சர், தயங்கித் தயங்கி ஒரு கிண்ணத்தை நீட்டினார். திறந்து பார்த்தால் நூடில்ஸ்.

"அன்ரிக்கு இதுதான் கூட விருப்பம்... ஒருதருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ."

என் தமையனாருக்குப் பொறுக்கவில்லை. "எட்டுப் படையலிலை நூடில்ஸோ? என்ன விசர்க்கூத்து இது?"

"வையுங்கோ அண்ணை," என்றேன்.

அந்த நேரம் பரமேஸ்வரி மேரியைப் பார்த்தார். மேரி ரீச்சரைப் பார்த்தார். "எடி, உனக்கும் சொன்னவவோ?" என்று கேட்ட மேரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள். செத்தவீட்டுப் பந்தலில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சட்டி கொண்டுவந்த அத்தனை பேரும், தங்கள் வீட்டில்தான் அவர் ருசித்துச் சாப்பிட்டார் என்று நம்பி வந்திருந்தார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்து குந்தினாள்.

"அப்பா, உங்களுக்கும் சொன்னவவோ?"

"ஓம்."

"என்னத்தை?"

"என்ரை புட்டை."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்கு அடுப்படியில் நிற்க ஏலாமல் போனபோது, வாழ்நாளில் முதல்தடவையாக நான் புட்டு அவித்தேன். எறிந்தால் நாய் செத்துப்போகும், அப்படியொரு புட்டு. அவர் பாலும் சீனியும் விட்டு, ஊறவைத்து, மெல்ல மெல்லச் சாப்பிட்டார். "இஞ்சாருங்கோ, இதுக்கு மேலை எனக்கு ஒரு சாப்பாடு கிடையாது. ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, கண் பட்டுப்போம்" என்றார். பிறகு அவர் போகும்வரை நாள்தோறும் நான்தான் அவித்தேன். ஒரு நாளும் அவர் மிச்சம் வைக்கவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எழும்புங்கோ, மா கிடக்கு" என்றாள். எழுந்து போய் அவித்தேன். வழக்கம்போலக் கல்லாகத்தான் வந்தது. கூழுக்கும் நூடில்ஸுக்கும் நடுவில் அதையும் படைத்தோம். ஊரில் வேறெந்த எட்டுச் செலவிலும் அவ்வளவு நிறைந்த இலையை நான் கண்டதில்லை.

அவர் நோயுற்றிருந்தபோது இரவு பகல் பாராமல் ஓட்டோ ஓட்டி உதவிய தம்பிக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியர்க்கும், சோழகத்திலும் வள்ளம் விட்டு உறவினரைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், பந்தல் போட்டு, பாடை கட்டி, எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்க்கும் என் குடும்பத்தின் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு கோப்பை போட்டு அவரை இருத்திச் சாப்பிடவைத்த வீடுகள் அனைத்துக்கும் நான் கடமைப்பட்டவன். எங்கள் வீட்டில் அவரை அப்படி இருத்திவைத்துப் பரிமாற எனக்குக் கிடைத்தவை அந்தக் கடைசி மாதங்கள்தான்.

அவர் சொன்னது உண்மையோ பொய்யோ என்று இந்த ஓராண்டாக யோசித்துப் பார்த்துவிட்டேன். மற்ற எல்லாருக்கும் அவர் அன்புக்காகச் சொன்னார் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். புட்டு விடயத்தில் மட்டும் என்னோடு ஒருவரும் வாதாட வரவேண்டாம்.